இலக்கு விமானம்

சோதனை நாட்களில் ஜெரால்டுதான் இலக்கு. கடல்மேல் அவன் விமானம் ஓட்டிவருவான். மணல்திட்டில் நிற்கும் ஏவுகணை ரேடாரால் அவனைப் பின்தொடர வேண்டும். அதில் எரிபொருளோ வெடிமருந்தோ இருக்காது. மூக்கு மூடியைக் கழற்றியிருப்பார்கள். உள்ளே தட்டு போன்ற ஆண்டெனா மட்டும் விழித்திருக்கும். ஒவ்வொரு முறையும் அது பாதியில் அவனைத் தவறவிடும். வானொலியில் அவன் குரல் வரும்: "என்ன மேடம், இன்னைக்காவது செத்தேனா?"

ரேடாருக்கு நிரல் எழுதியவள் அவன் மனைவி மெர்லின். "இல்ல, பொழச்சுட்டீங்க. சாப்பிட வாங்க" என்பாள். கட்டுப்பாட்டு அறையே சிரிக்கும்.

இன்று அவன் எவ்வளவு வளைந்து பறந்தும் தட்டு அவனை விடவில்லை. ஏவியிருந்தால் எங்கே மோதும் என்று காட்டும் திரையில் இரண்டு கோடுகள் சந்தித்தன. அவனுடைய புள்ளி அணைந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மெர்லினும் தட்டினாள்.

"கலக்கிட்டம்மா" என்றார் இயக்குநர்.

"என்ன மேடம், இன்னைக்காவது செத்தேனா?"

அவள் கைகள் பாதியில் நின்றன. மைக் பொத்தான்மேல் விரலை வைத்தாள், அழுத்த முடியவில்லை. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"மெர்லின்? கேக்குதா? பதில் சொல்லு."

சன்னலுக்கு வெளியே, கரை திரும்பும் விமானத்தோடு அந்தத் தட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.