காலி மாத்திரை அட்டை

விரலால் தொடக் கூசியவராய், தரையில் கிடந்த காலி மாத்திரை அட்டையைப் பேனா முனையால் புரட்டிப் பார்த்தார் காசநோய் ஆய்வாளர். அவர் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த இளைஞன் கைக்குட்டையை எடுத்தபோது, அவனுடைய சட்டைப் பையிலிருந்து நழுவி விழுந்தது அது.

"இது என்ன மாத்திரைன்னு எனக்கே தெரியாதுன்னு நெனச்சீங்களா தம்பி?"

அவருக்கா தெரியாது! நுரையீரல் நோய்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த நூல் கல்லூரிதோறும் பாடமாக இருந்தது. இச்சிவப்பு மாத்திரை உண்பவரின் கண்ணீரைக்கூடச் செந்நிறமாக்கிவிடும் என்பதற்கே அதில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருந்த மேதை அவர்.

"கோர்ஸ் இன்னிக்குக் காலையோட முடிஞ்சிடுச்சு சார். சளி டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றான் இளைஞன்.

"ரொம்ப சந்தோஷம். போய் உங்க லிஃப்ட் ரிப்பேர் வேலையைப் பாருங்க." மனைவியின் பக்கம் திரும்பினார். "அவர் குடிச்ச தம்ளரைக் கழுவாத. தூக்கிப் போடு."

தம்ளரால் காசநோய் பரவாது என்று அதே நூலில் அவரே எழுதியிருந்தார். மனைவி தம்ளரைத் தொடாமலேயே நின்றாள்.

"ஏங்க, மருந்தை முடிச்சவனுக்குப் பொண்ணு குடுக்கத் தயங்குறவன் முட்டாள்னு நேத்து மேடையில முழங்கினது யாரு?"

"மேடை வேற, வீடு வேறடி. கைதட்டலுக்குப் பேசுறத வாசல்ல செருப்போட விட்டுட்டு வரணும்."

இளைஞன் தயங்கித் தயங்கி வாய் திறந்தான். "குணமானவங்ககிட்டேருந்து தொத்தாதுன்னு உங்க புத்தகத்துலயே..."

"அது மாணவங்களுக்கு எழுதினது தம்பி. மாப்பிள்ளைங்களுக்கு இல்ல."

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கப்பா" என்று மகள் குறுக்கிட்டாள். இளைஞன் அவளை நோக்கி, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தான். குட்டு வெளிப்பட்டவன் கெஞ்சுகிறான் என்று ஆய்வாளருக்கு உடனே விளங்கிவிட்டது. எதுதான் அவருக்கு விளங்காமல் போயிற்று!

"நீ பேசாத. லென்ஸ் போட்டுட்டு இருந்த வரைக்கும் உனக்குக் கண்ணு ஒழுங்காத்தான் தெரிஞ்சுது. கொஞ்ச மாசமா இந்தச் சோடாபுட்டிய மாட்டிக்கிட்ட, ஆளைப் பார்க்கவே தெரியாமப் போச்சு."

தம் நகைச்சுவையைத் தாமே சற்று ரசித்தபின், கிருமிநாசினியை ஊற்றிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். பேனாவையும் துடைத்தார். இருபது ஆண்டுகளாக நோயாளிகளிடம் அவர் காட்டிவந்த பரிவு அப்பேனாவின் நீளத்தைத் தாண்டியதில்லை.

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

"நோயை மறைச்சு வீடேறி வர்ற ஆளுகிட்ட எனக்கு என்ன பேச்சு? ஒரே பார்வையில புடிச்சிட்டேன் பார்த்தீங்களா! நான் இருக்கற வீட்ல காசநோய் ஒளிஞ்சுக்க முடியுமா?" இருக்கையிலிருந்து எழுந்து, அட்டையைக் காலால் வாசற்பக்கம் தள்ளினார். "இந்த மாத்திரையை முழுங்கினவங்க யாரா இருந்தாலும் சரி, இந்த வீட்ல இனிமே ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது!"

இளைஞன் அமர்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மகள்தான் எழுந்தாள். குனிந்து அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"இங்க வச்சா உங்க கண்ணுல பட்டுடும்னுதான் மாத்திரையெல்லாம் அவர்கிட்ட குடுத்து வச்சிருந்தேன். முழுங்கினது நான்ப்பா."