அடக்கத்துக்கு மறுநாள்

புருஷன் மாசிலாமணியை அடக்கம் செய்த மறுநாள்தான் செண்பகவல்லி துறைமுகத்தில் புது வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. அங்கே காலையில் ஹெல்மெட்டை மாட்டினால், வெளியே மாலையாவதற்குள் உள்ளே ஒரு முழு வருஷத்தை வாழ்ந்துவிடலாம். ஆளில்லாக் கப்பல்களுக்கு வழி சொல்லும் வேலை அது.

"இன்னைக்கு ஒரு நாளாவது இரேன் தாயி" என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஹெல்மெட்டுக்குள் முதல் சில மாதங்கள் கடலையே பார்த்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகை குறைந்தது. ஒருநாள் கப்பலைத் திருப்பும்போது, தான் பாட்டு முணுமுணுப்பதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். அப்புறம் அந்தத் திடுக்கிடலும் இல்லாமல் போனது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசல் பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மகள் முல்லை அப்பாவின் சட்டையில் முகம் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வாசம் இன்னும் அப்படியே இருக்கும்மா. மோந்து பாரு."

செண்பகவல்லி வாங்கி முகர்ந்தாள். யாரோ ஓர் ஆம்பிளையின் வியர்வை வாடைதான் வந்தது. மறுபடியும் ஆழமாக முகர்ந்தாள்.

முல்லை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டையை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.