படியேறிய குடிநீர்க் கொள்கை

எங்கள் குழாயில் தண்ணீர் வந்து நாற்பது நாளாகிறது. திறந்தால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். லாரித் தண்ணீர் தெருவோடு சரி. நாலு மாடிக்கு இந்தத் தள்ளாத வயதில் நானும் மனைவியும்தான் சுமக்க வேண்டும். மனு எழுதி எழுதியே என் விரல் அரை அங்குலம் தேய்ந்துவிட்டது.

நல்லவேளை, தேர்தல் வந்தது.

முதல் கட்சிக்காரர் லாரியருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க ஓட்டு எங்களுக்குத்தானே?"

"குடிநீருக்கு என்ன கொள்கை வெச்சிருக்கீங்க தம்பி?"

"பதினெட்டு அம்சத் திட்டம் ஐயா!"

"அவ்வளவையும் நின்னுக்கிட்டா கேக்கறது? அந்த ரெண்டு குடத்தையும் தூக்கிக்குங்க. படியேறிக்கிட்டே சொல்லுங்க."

பதினெட்டு அம்சத்துக்கும் ஒன்பது நடை ஆனது. அடுத்தவர் ஆளுங்கட்சி. "போன தடவையும் இதையேதானே சொன்னீங்க?" என்றதும் அவராகவே பன்னிரண்டு குடம் சுமந்தார். மூன்றாமவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இன்னுமா ஐயா முடிவு பண்ணலை?"

"கல்வி, மருத்துவமெல்லாம் பாக்கி இருக்கே தம்பி. நாளைக்கு வாங்க."

அவர் இறங்கியதும் மனைவி பொரிந்தாள்.

"வயசானவங்களுக்குன்னு கொடுத்த தபால் ஓட்டைத்தான் போன வாரமே வீட்டுக்கு வந்த அதிகாரிங்ககிட்ட போட்டுக் கொடுத்துட்டீங்களே! இன்னும் என்ன விசாரணை?"

"உஸ், மெதுவாப் பேசு! குளியலறைத் தொட்டி இன்னும் காலியா இருக்கு."