மூணு வரி போதும்

“வூட்டுக்காரன் இப்டி கெடக்குறான், இவ எங்க போனா?”

செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள் அன்புக்கரசி. தம்பி அசோகனைப் பார்க்க எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் மாறி ராயபுரம் வந்திருந்தாள்.

அசோகனுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு தாஹிரா உட்கார்ந்திருந்தாள்.

“ரமாபாய் அக்கா கிளாஸுக்குப் போயிருக்காங்க. லைப்ரரில. சனிக்கெழமையானா போவாங்க.”

“இன்னா கிளாஸு?”

“ஹைக்கூ.”

“அது இன்னா, தையலா?”

“கவித, அக்கா. ஜப்பான்காரங்க எழுதுவாங்களாம். சின்னதா, மூணே வரி.”

அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி கவிதை கத்துக்கிற நேரமா இது?

அசோகன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். யூனியன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். மழைக்காலத்தில் ஸ்ட்ரோக் வந்தது. கைகால் தேறிவிட்டது, பேச்சுதான் தேறவில்லை. ஒரு வார்த்தை வரும், அடுத்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

அக்காவைப் பார்த்ததும் அவன் உதடு அசைந்தது. “அ...”

“தண்ணியா நைனா? இரு, தரேன்.”

சொம்பை நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

“இவனப் பாத்துக்கம்மா, தோ வந்துர்றேன்” என்று தாஹிராவிடம் சொல்லிவிட்டு அன்புக்கரசி நேராக நூலகத்துக்கு நடந்தாள்.

மாடியில் சின்ன வகுப்பு. ரமாபாய் எழுந்து நின்று, தான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சோகமான சாயங்காலத்துல
வரிசையா நிக்குது கன்டெய்னர் லாரி
அதப் பாத்து என் மனசு தாங்காம அழுவுது.”

சொல்லிக்கொடுக்கிற ஜஹாங்கீர் சார் தலையைச் சொறிந்தார்.

“‘சோகமான’ வேணாம்மா. ‘மனசு அழுவுது’, அதுவும் வேணாம்.”

“எல்லாத்தயும் எடுத்துட்டா இன்னா சார் மிஞ்சும்?”

“லாரி இருக்குல்ல? அத மட்டும் காட்டுங்க. அழறதப் படிக்கிறவங்க பாத்துப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ரமாபாயும் சிரித்தாள். உட்காரப் போனவள் திரும்பக் கேட்டாள்:

“சார், ஒரு வரில ஒரே ஒரு வார்த்த இருந்தா செல்லுமா?”

“தாராளமா.”

“நெஜமாவா சார்?”

“அது பாட்டுக்கு நிக்கும். பயப்படாதீங்க.”

வாசலில் நின்ற அன்புக்கரசிக்கு அந்தச் சிரிப்பு கண்ணைக் குத்தியது. வகுப்பு முடிந்து வெளியே வந்தவளை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பேச முடியாத மன்சன வூட்ல உட்டுட்டு இங்க சிரிச்சிகினு கீற. ஒனக்கே நல்லா கீதா?”

ரமாபாயின் முகம் வாடிப்போனது. “வூட்டுக்கு வாங்க அண்ணி” என்றாள். விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

அவர்கள் வந்ததும் தாஹிரா கிளம்பினாள். ரமாபாய் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அசோகனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

“நான் எழுதனது தேறலய்யா. பாதிய வெட்டிட்டாரு சாரு. நீ சொல்லு. நான் போனப்புறம் இன்னா பாத்த?”

அசோகன் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. அப்படியே நின்றது.

“இன்னா நைனா, தலகாணியா...” என்று அன்புக்கரசி எழுந்தாள். ரமாபாய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கீழே ஒரு மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய் மறைந்தது. அதன் பிறகும் ரமாபாய் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கிரேன்... நிக்குது” என்றான்.

யாரும் அசையவில்லை.

“மேல...”

அவன் நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்து வேர்த்தது.

“காக்கா.”

“அவ்ளோதான்” என்றாள் ரமாபாய். “முழுசா சொல்ட்டய்யா. இதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்.”

அசோகன் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணியது. அதைக் கையால் மறைக்கவில்லை.

ஸ்ட்ரோக் வந்த பிறகு தம்பி இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அன்புக்கரசி கேட்டதில்லை.

“எப்டிடி?” என்றாள் மெதுவாக.

“பாதில நின்னு போவுதேன்னு வெக்கப்பட்டுகினு வாயே தொறக்கல அண்ணி. பேச வையுங்கன்னு டாக்டரு சொல்லிகினே இருந்தாரு. மைக்குல நீட்டி முழக்கன மன்சனாச்சே, ஒத்த வார்த்த பேச மனசு வரல. லைப்ரரி போர்டுல இந்தக் கிளாஸப் பாத்தேன். கொஞ்சமா சொல்றவங்கதான் இதுல கெட்டியாம். அத இவருக்குச் சொல்லணும்னா நான் மொதல்ல கத்துக்கணும்ல?”

அன்புக்கரசி ரமாபாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே தம்பி பக்கம் திரும்பினாள்.

“எப்டிகீற நைனா?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவன் மனைவியைப் பார்த்தான், பிறகு அக்காவை.

“ரமா... காத்துகினு கீறா.

வார்த்த...

வருது.”