பாமாவுக்குத் தண்ணி

"லாரன்ஸ், பாமாவ ஏசிக்கு நேரா உக்கார வெச்சுடாதே, வாடிடுவா. தண்ணி குடுத்தியா?"

லீவு நாளிலும் ஆபீஸ் உதவியாளருக்கு போன் போட்டு உருகினான் பார்த்தசாரதி. கேட்டுக்கொண்டிருந்த மதுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டியை ஒருநாளாவது கேட்டிருப்பானா, தண்ணி குடிச்சியான்னு?

மறுநாள் தி.நகர் ஆபீசுக்கே போய் நின்றாள்.

"எங்கப்பா அந்த பாமா?"

"அதோ கீதே மேடம்" என்று லாரன்ஸ் மூலையைக் காட்டினான். தொட்டியில் தளதளவென்று ஒரு பாம் செடி.

மதுமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாமுக்கு பாமான்னு பேரா! யாரு வெச்சது, சாரா?"

"இல்ல மேடம். சாரோட பொறந்தநாளுக்கு இத்த வாங்கியாந்து குடுத்தவங்கதான் பேரும் வெச்சாங்க. ரிசப்ஷன்ல புதுசா சேந்த ருக்மணி."