இரண்டு மடிகளுக்குக் குறுக்கே

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது ரெஜினா ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை அம்மா எமிலியிடம் கொடுத்தாள். “வெயில் படக்கூடாது, சூடு ஆகாது, படுக்க வச்சுத்தான் வைக்கணும், ஆடவே கூடாது. நான் வந்ததும் திறக்கலாம்.” முதல் மூன்றும் எமிலிக்குச் சுலபம். கட்டிலுக்கு அடியில், சிமென்ட் தரையில் படுக்க வைத்து ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டாள். ஆடாமல் வைப்பதுதான் பெரும்பாடு. வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். மற்ற ரயில்கள் அங்கே மெதுவாகப் போகும். மாலை ஐந்தே கால் எக்ஸ்பிரஸ் மட்டும் வீட்டையே உலுக்கும். அதுவரை அந்த நேரத்தில் அவள் கணவர் கஸ்பார் வாசலில் செய்தித்தாளோடு இருப்பார், எமிலி அடுக்களையில் இருப்பாள். இப்போது ஐந்து மணிக்கெல்லாம் இருவரும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு மடிகளுக்கும் குறுக்கே பாட்டிலைக் கிடத்தி, கழுத்தை அவளும் அடியை அவரும் தாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பெட்டி கடக்கும்வரை மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார்கள். இரண்டு வருடம் ஒருநாளும் தவறவில்லை.

ரெஜினா வந்த அன்று மதியச் சாப்பாட்டோடு பாட்டிலைத் திறந்தார்கள். “பிரமாதம்ப்பா, எப்படி வச்சிருந்தீங்க?” என்றாள். கஸ்பார் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி பாட்டிலை எமிலி கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி எமிலி வந்து ஒட்டி உட்கார்ந்தாள். தூரத்தில் ஹார்ன் கேட்டது.

“பாட்டில்தான் காலியாயிடுச்சேம்மா?” என்றாள் ரெஜினா.

எமிலி அசையவில்லை.

“பேசாம இருடி. வண்டி போகட்டும்.”