வலிச்சா சொல்லுங்க

“வலிச்சா உடனே சொல்லுங்க ஐயா” என்று டாக்டரம்மா இரண்டு விரல்களைக் குரல்வளையின் பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்தினார்.

வெண்கலம் ஒன்றும் சொல்லவில்லை.

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர் அவர். விடிந்ததிலிருந்து உச்சி வெயில்வரை லாரி இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டும். அந்தக் கணீர்த் தொண்டைக்குக் கிடைத்த பட்டப்பெயர்தான் வெண்கலம். சொந்தப் பெயர் சந்தையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் ஏலம் முடிந்தால் எச்சில் விழுங்கினால்கூட முள் குத்துகிறது. காலர் உரசினாலே எரிகிறது. வீட்டுக்கு வந்து, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட ஆளில்லாத வீட்டில் குரலுக்கு வேலையில்லை.

மண்டி முதலாளி ஏற்கெனவே வேறொருத்தனைக் கூவிப் பார்க்கச் சொல்லிவிட்டார். தொண்டையைக் காட்டிவிட்டு வந்து பேசு என்பது உத்தரவு.

கழுத்தில் கை வைக்கும் முன் டாக்டரம்மா அவரை வெகுநேரம் உரக்க வாசிக்க வைத்திருந்தார். கத்திக் கத்திக் களைத்த தொண்டைக்குச் சின்ன அழுத்தமும் பெரிதாக வலிக்கும், அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்றார்.

விரல்கள் இன்னும் கொஞ்சம் அழுந்தின. காதுவரை சுண்டி இழுத்தது. வெண்கலம் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

“வலிக்கலையா?”

இல்லையென்று தலையசைத்தார்.

டாக்டரம்மா ஆச்சரியத்தோடு கையை எடுத்தார். “அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. இனிமே நீங்க வர வேண்டாம் ஐயா.”

பிழைப்பு தப்பித்தது. வெண்கலம் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போனார். கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

இப்போது உண்மையைச் சொன்னால் ஏலம் கைவிட்டுப் போகும். ஆனால் அதற்குப் பயந்தா இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார்?

மனைவி இருந்தவரை, உடம்பு சுடுகிறதா என்று கழுத்தில் புறங்கை வைத்துப் பார்ப்பாள். அவள் போனபிறகு அந்தக் கழுத்தில் இன்னொரு கை பட்டது இன்றைக்குத்தான். வலிக்கிறது என்றால் எடுத்துவிடுவார்களே என்றிருந்தார்; வலிக்கவில்லை என்றதும் எடுத்துவிட்டார்கள்.

“டாக்டரம்மா” என்றார், உடைந்த குரலில். “வலிக்குது.”

அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். “இங்கயா?”

“இல்லம்மா… இன்னும் கொஞ்சம் கீழே.”